துண்டுக்குள் கேட்ட மன்னிப்பு

கொல்லிமலையில் எல்லாருடைய ரகசியமும் தன் கை வழியாகப் போயும், ஒன்றுகூடத் தெரியாமல் வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவர்தான். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, ரேஷன் கார்டில் இருந்திருக்கும். மலை முழுக்க அவர் துண்டுக்காரர், அவர் கடை துண்டுக்கடை. அந்தத் துண்டை அவர் தோளில் போட்டதில்லை, தலையில் கட்டியதில்லை. கம்ப்யூட்டருக்குப் போட்டிருந்தார்.

நான் அப்போது செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சொந்த ஊர் கரூர். கீழே இருந்து மலைக்கு மாற்றலாகி வரும் எங்களைப் போன்றவர்களுக்கு வந்த நாளிலிருந்து ஒரே வேண்டுதல், திரும்பக் கீழே போக வேண்டும் என்பதுதான். அதற்காக மாதம் ஒரு விண்ணப்பமாவது போட்டுக்கொண்டே இருப்போம். எங்கள் ஆபீஸிலும் பிரிண்டர் இருந்தது. மை தீர்ந்து வருஷக்கணக்காகிவிட்டதால் அதன் மேல் வருகைப் பதிவேட்டை வைத்திருந்தோம். எனவே விண்ணப்பமோ அறிக்கையோ, எதுவாக இருந்தாலும் துண்டுக்கடைக்குத்தான் ஓடவேண்டும்.

அந்தத் துண்டுக்கு ஒருவகையில் நானே காரணம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். திரையில் வரும் புள்ளிக்கட்டத்துக்கு நேராக நம் போனைப் பிடித்தால், போனில் இருக்கும் மெசேஜ் எல்லாம் கடைக்காரர் கம்ப்யூட்டரில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். அதில் நமக்கு வேண்டிய பேப்பரைத் திறந்து பிரிண்ட் எடுக்கவேண்டும். எடுத்து முடித்ததும் அதை மூடிவிட்டுப் போகவேண்டும். முதல் வேலையை எல்லாரும் செய்வோம். இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க சார், ஒவ்வொருத்தரு மெசேஜுக்கு மேலயும் பூட்டுப் படம் போட்டு என்னமோ எழுதியிருக்குதே, அது என்னங்க?"

அவரிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேசலாம், டார்ச் அடிக்கலாம், அவ்வளவுதான். நான் எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். அனுப்புகிறவர் போனிலேயே மெசேஜைப் பூட்டிவிடுகிறார்கள், வாங்குகிறவர் போனில்தான் அது திறக்கும், இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவில் இருக்கிற யாராலும் படிக்க முடியாது, அதை நடத்துகிற கம்பெனியாலும் முடியாது என்றேன்.

"கம்பெனிக்காரனாலயே முடியாதுங்களா?"

"முடியாதுண்ணா."

"நடுவுல நிக்கற அத்தன பேரும் கண்ண மூடிக்கிட்டா நிக்கறாங்க?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்."

அவர் ஜெராக்ஸ் மெஷினின் மூடியை இறக்கி மூடினார். பிறகு, "நானும் நடுவுல நிக்கறவன்தானுங்க சார். இத்தன நாளு கண்ணத் தொறந்துக்கிட்டு நின்னுட்டேன்" என்றார். மறுநாள் கடைக்குப் போனால் கம்ப்யூட்டருக்கு மேல் பெரிய ஈரோட்டுத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து யார் வந்தாலும் தலையைத் துண்டுக்குள் விட்டுத் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டு வழிகாட்டுவார். "இடது பக்கமா மூணு புள்ளி தெரியுதுங்களா? அதத் தொடுங்க சாமி. வந்துச்சா? வரலீனா இன்னொருக்கா தொடுங்க." மவுஸ் என்பதைத் தொட்டே அறியாத மிளகு விவசாயிகளும் கிழங்கு வியாபாரிகளும் துண்டுக்குள் தலையை விட்டு வியர்த்து வழிந்தார்கள். ரோட்டில் போகிற பஸ்ஸுக்கு அவர் கைகாட்டி வழிசொல்வதாக நினைத்துக்கொண்டு சுற்றுலாக்காரர்கள் வண்டியை நிறுத்தி வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வழி கேட்பார்கள். "மூணு புள்ளியத் தொடுங்க" என்று உள்ளே சொல்லிக்கொண்டே, "நேராப் போங்க" என்று வெளியேயும் சொல்வார்.

பிரிண்ட் வெளியே வரும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். தாளைக் கவிழ்த்தே எடுத்து, எழுத்து உள்ளே போகுமாறு நான்காக மடித்து, ஒரு முனையை இன்னொரு முனைக்குள் செருகிக் கொடுப்பார். அந்த மடிப்பு மலையில் வேறு யாருக்கும் வராது. பார்க்காமல் மடிப்பதில் ஒரே ஒரு சங்கடம், சமயத்தில் தாள் மாறிவிடும். ஒரு மாதம் எங்கள் ஆபீஸிலிருந்து மேலிடத்துக்குப் போன மிளகு நாற்று அறிக்கைக்குள் குண்டனி நாட்டுப் பெண் ஒருத்தியின் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) ஜாதகம் இருந்தது. எங்கள் அறிக்கை மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தது. அத்தனை மிளகுக்கொடியும் பெண் வீட்டுடையது என்று நம்பி அவர்கள் அந்த வாரமே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். மேலிடத்திலிருந்து எங்களுக்கு இன்றுவரை எந்தக் கேள்வியும் வரவில்லை.

கடைக்கு யார் வந்தார்கள் என்பதைக்கூடச் சொல்லமாட்டார். ஒரு அம்மா வந்து, "ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுக்காரரு இங்க வந்தாருங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் அப்போது துண்டுக்குள் இருந்தார்.

"வந்தவங்க யாருன்னு சொல்றதில்லீங்கம்மா."

"இது எங்க ஊட்டுச் செருப்பாட்டம் இருக்குதுங்களே!"

"செருப்பப் பத்தியும் சொல்றதில்லீங்கம்மா."

அந்தம்மா செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் வெறுங்காலோடு வீடு போய் மாட்டிக்கொண்டார். துண்டுக்காரர் மேல் குற்றமில்லை.

மூடாமல் போகிறவர்கள்தான் அவருக்கு உயிர் போகிற விஷயம். "நீங்களே மூடிடலாமே?" என்றால், "பூட்டாத ஊட்டுக்குள்ள நானு எப்படிங்க போறது? பூட்டறதுக்கா இருந்தாலும் போகக் கூடாதுங்களே" என்பார். ஒருமுறை டீச்சர் ஒருவர் மூடாமல் நாமக்கல் பஸ் ஏறிவிட்டார். துண்டுக்காரர் மொபெட்டை எடுத்துக்கொண்டு துரத்தினார். எழுபது வளைவில் ஏதோ ஒரு வளைவில் பஸ்ஸை மறித்து உள்ளே ஏறினார்.

"டீச்சரம்மா, தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "எதைங்க?" என்றார் டீச்சர்.

"அத இத்தன பேருக்கு முன்னால சொல்ல முடியாதுங்கம்மா. ரகசியமுங்க."

அங்கே சிக்னல் கிடையாது, போனிலிருந்து மூடவும் வழியில்லை. டீச்சர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து செம்மேட்டுக்கே திரும்பி வந்தார். பஸ் அடிவாரம் சேர்வதற்குள் டீச்சரைப் பற்றி நான்கு கதைகள் தயாராகியிருந்தன. ரகசியத்தைக் காப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, அதை வைத்து ஊரைக் கிளப்பிவிடுவதிலும் இல்லை.

இவ்வளவு தொல்லையிருந்தும் ஜனங்கள் அவரிடமே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் வேறு இரண்டு ஜெராக்ஸ் கடைகள் இருந்தன. அங்கே மெஷின் வேகம், வெளிச்சம் அதிகம், ஃபேன்கூட உண்டு. ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கல்யாணத்துக்கு முன்னால் வந்த கடிதம் என்று பிறர் கண்ணில் படக்கூடாத எதுவாக இருந்தாலும் அந்த இரண்டையும் தாண்டித் துண்டுக்கடைக்குத்தான் வந்தார்கள். 'பார்க்காத மனுஷன்' என்ற பெயர் ஒன்றுதான் அவருடைய கைமுதல். அது போனால் கடை போச்சு. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

இனிமேல் வருவதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஆபீஸில் ஸ்டெல்லா மேடம் என்று ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். கணவர் திருச்சியில் வேலை. மகனுக்கு மூச்சிரைப்பு, மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மாதத்தில் பாதி நாள் பையனுக்காக லீவில் இருப்பார். அந்தச் சமயம் கீழே ஒரே ஒரு இடம் காலியானது. அவரும் கேட்டார், நானும் கேட்டேன். எனக்கு ஒரு மச்சான் உண்டு, அவனுக்கு மேலிடத்தில் ஒருவரைத் தெரியும். நான் அவனுக்குத் தனியாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். "அந்தம்மா பையனுக்கு ஒண்ணும் பெரிய வியாதி இல்ல, வெறும் சளி. அதைக் காட்டி முந்தப் பாக்குது. நீ நம்ம ஆள்கிட்ட எடுத்துச் சொல்லு." இதுதான் வாசகம். ஒரு எழுத்துகூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அந்தப் பையன் மூச்சுக்குத் திணறியதை நான் கண்ணால் பார்த்தவன்.

மூன்றாம் நாள் காலை ஆபீஸுக்குப் போனால் என் மேஜை மேல் ஒரு தாள் கிடந்தது. நான்காக மடித்து, முனைக்குள் முனை செருகியிருந்தது. பிரித்தேன். என் மெசேஜைப் படம் பிடித்து, பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்திருந்தார்கள். என் பெயர், மச்சான் பெயர், 'வெறும் சளி', எல்லாம் பளிச்சென்று இருந்தது.

 மடிப்பைப் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை. முந்தின வாரம்தான் துண்டுக்கடையில் என் மெசேஜைத் திறந்து விண்ணப்பம் பிரிண்ட் எடுத்திருந்தேன், மூடினேனா என்று நினைவில்லை. தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். நாமக்கல் பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. சந்தைக்கு வந்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பஸ் ஸ்டாண்ட் நிரம்பியிருந்தது.

"யோவ்! துண்டப் போட்டு மூடிட்டு உள்ள நீதானேய்யா பாக்கற!"

மூன்று வருஷமாக 'அண்ணா' என்று கூப்பிட்ட வாய் அது. அவர் ஒரு கையில் தாளோடு, கண் மூடியபடி நின்றிருந்தார். திறந்து என்னைப் பார்த்தார்.

"சார், நானு பாக்கலீங்க."

"இது உன் மடிப்பா இல்லையா?"

வாங்கிப் பார்த்தார், வழக்கம்போல எழுதாத பக்கத்தை மட்டும். "எம்மடிப்புதானுங்க."

"அப்ப யாரு எடுத்தது? சொல்லு!"

அவர் தாளை மறுபடி மடித்து என் கையில் கொடுத்தார்.  பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"வந்தவங்க யாருன்னு சொல்றதில்லீங்க சார்."

"சொல்லமாட்ட. ஏன்னா நீதான்!" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இத்தனை நாள் ஊரையே ஏமாற்றினான், இவனிடம் போனைக் கொடுக்காதீர்கள் என்று நாலு பேருக்குப் புத்திமதி வேறு. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவர் கையில் மீதி இருந்த தாளைக் கவிழ்த்து மடிக்க ஆரம்பித்தார்.

பத்து நாள் கழித்து, எரித்துவிடலாம் என்று அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். அதுவரை என் எழுத்தை மட்டுமே பார்த்திருந்த கண்ணுக்கு அப்போதுதான் படத்தின் ஓரம் தெரிந்தது. கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். திரையின் விளிம்பில் பாதி தெரிந்தும் தெரியாமலும் ஒரு மாதா ஸ்டிக்கர். அது எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர், ஸ்டெல்லா மேடத்தின் மேஜையில் இருப்பது.

எல்லாம் ஞாபகம் வந்தது. பெரக்கரை நாட்டில் நாற்றங்கால் பார்த்துவிட்டு வந்த ஒரு நாள், போட்டோவை உடனே அனுப்பச் சொல்லி அதிகாரி அவசரப்படுத்தினார். ஸ்டெல்லா மேடம் பையனுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு. அவர் கம்ப்யூட்டரில் என் மெசேஜைத் திறந்து போட்டோவை ஏற்றினேன், மூடாமல் எழுந்துவிட்டேன். துண்டுக்காரர் என்னிடம் ஒவ்வொரு தடவையும் கேட்பார், "சார், வேற எங்காச்சும் தொறந்து கெடக்குதான்னு போன்ல ஒருக்கா பாத்துடுங்க." நான் ஒவ்வொரு தடவையும் சரி சரி என்று போயிருக்கிறேன். மேடம் லீவு முடிந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். நான் மச்சானுக்குத் தட்டியது அவர் கண் முன்னால் வந்து விழுந்திருக்கிறது.

மேடத்திடம் போய் நின்றேன். தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே பேசினார்.

"அடுத்தவங்க மெசேஜைப் படிச்சது என் தப்பு சார். அதனாலதான் யார்கிட்டயும் காட்டல. உங்களுக்குத் தெரியணும்னு மட்டும் வெச்சேன்."

"துண்டுக்கடையிலயா பிரிண்ட் எடுத்தீங்க?"

"வேற எங்க போறது? அவர்தானே பாக்கமாட்டார்."

அன்றே என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்னொரு பிரிண்ட் மேடத்தின் பையில் இருக்குமோ என்ற பயம்தான். இடம் ஸ்டெல்லா மேடத்துக்குக் கிடைத்தது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

மச்சானுக்கு நான் அனுப்பியது வழி முழுக்கப் பூட்டோடுதான் போனது. அதில் ஒரு குறையும் இல்லை. பூட்டு வழியில்தான் இருக்கிறது, முனையில் நான் இருந்தேன். இதை அன்றே பஸ் ஸ்டாண்டில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எந்த மெசேஜ் என்று கேட்பார்கள். 'வெறும் சளி'யைச் சொல்லவேண்டி வரும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

துண்டுக்கடையில் கூட்டம் குறைந்தது, பிறகு இல்லாமலே போனது. ஒருநாள் டீக்கடையில் பெரக்கரை நாட்டுக்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தண்ணன் அப்படிச் செய்யறவரு இல்லீன்னுதான் நெனச்சனுங்க. ஆனா ஆபீஸ் சாரே சொல்றப்ப பொய்யா இருக்குமுங்களா?" ஆபீஸ் சார் இரண்டடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

கடைசியில் ஒரு மத்தியானம் பிரிண்ட் எடுக்கிற மாதிரி துண்டுக்கடைக்குப் போனேன். அவர் வழக்கம்போல வாசலில் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். நான் துண்டுக்குள் தலையை விட்டேன். உள்ளே இருட்டாக, வெக்கையாக இருந்தது. அங்கிருந்தே சொன்னேன்.

"அண்ணா, நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தப்பு என்னுது. ஆபீஸ்ல நான்தான் மூடாம விட்டுட்டேன். மன்னிச்சிருங்கண்ணா."

 பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது.

"கேட்டுச்சுங்க சார்" என்றார். "மன்னிக்கறதுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆனா துண்டுக்குள்ள சொன்னத நானு வெளிய சொல்றதில்லீங்களே. அத நீங்கதான் ஒருக்கா வெளிய வந்து சொல்லோணுமுங்க."

வெளியே வந்தேன். எதிரே பத்திருபது பேர் இருந்தார்கள். எங்கள் அதிகாரியின் ஜீப்பும் நின்றிருந்தது. துண்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். கேட்கிற பார்வை இல்லை, காத்திருக்கிற பார்வை.

"நாளைக்கு வர்றேண்ணா" என்றேன்.

"வாங்க சார், போயிட்டு வாங்க" என்றார்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. இரண்டு மாதத்தில் கடையைக் காலி செய்துவிட்டு, குண்டனி நாட்டில் தன் மிளகுத் தோட்டத்துக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் எனக்கும் மாற்றல் வந்தது. வந்த நாளிலிருந்து வேண்டிக்கொண்டது கிடைத்த அன்று, காலியாகிக் கிடந்த துண்டுக்கடைப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறினேன்.

அவருக்கு இப்போதும் பட்டன் போன்தானாம். அந்தப் பூட்டுப் போட்ட மெசேஜ் அனுப்ப முடியாது. அனுப்ப முடிந்தாலும் அது பூட்டிக்கொண்டு போய் அவருக்கு மட்டும்தான் திறக்கும். அவருக்கு மட்டும் தெரிவதில் என்ன பிரயோஜனம்? திட்டியதை ஊரே கேட்டது. அதனால் இதை இங்கே, யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடத்தில் எழுதுகிறேன். செம்மேட்டுக்காரர்களே, துண்டுக்காரர் எவருடையதையும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அன்று கத்தியவன் சொன்னது பொய். அப்படிக் கத்தியவன் நான்தான், இந்த இதழில் என் பெயரோடுதான் போடச் சொல்லியிருக்கிறேன்.

இதழ் கைக்கு வந்ததும் மலையேறுவதாக இருக்கிறேன். தோட்டத்துக்குப் போய் இதை அவரிடம் வாசித்துக் காட்டவேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருஷத்தில் அதை ஒருமுறைகூட நான் அவரிடம் சொன்னதில்லை.